பூனைக்கும் ஒரு பத்தியம்

வீட்டுப் பூனைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று ஆராய்வது மார்க்க ஏட்டுக்குரிய வேலைதானா என்று வாசகர்களில் சிலர் புருவத்தை உயர்த்தக் கூடும். தொழுகையையும் ஜகாத்தையும் பேச வேண்டிய பக்கத்தில் பூனையின் வயிறு எதற்கு? ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. நம்மை அண்டி வாழும் வாயில்லா ஜீவனுக்கு நாம் போடும் உணவு நம்முடைய தர்மமா, அல்லது அதனுடைய ஹக்கா? தர்மம் என்றால் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கொடுப்பவரின் இஷ்டம். ஹக்கு என்றால் நம் இஷ்டத்துக்கு அங்கே இடமில்லை. பூனை துள்ளித் திரியும் வரையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் கண்ணில் படுவதில்லை. அது நோயில் விழும்போதுதான் படுகிறது.

காரிமங்கலத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். கேழ்வரகு மூட்டையை எலி கடிக்கிறதென்று கொண்டு வந்து விட்ட பூனை, நாளடைவில் குழந்தைகளோடு குழந்தையாகி விட்டது. காலையில் ஒரு கிண்ணம் பால், மத்தியானம் குழம்புச் சோறு, ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு, ரமளானில் நோன்புக் கஞ்சி, ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சியிலிருந்து கொழுப்புத் துண்டுகள். எல்லாமே பாசத்தோடு கொடுத்தவைதான். ஒருநாள் அதற்கு வயிறு இளகிப் போகிறது. வாந்தியும் சேர்ந்து கொள்கிறது. பாயிலும் தொழுகை விரிப்பிலும் அசிங்கப்படுத்தி விடுகிறது. உடனே வீட்டுக்குள் மூன்று குரல்கள் எழுகின்றன. இரண்டு நாள் பட்டினி போடுங்கள், வயிறு தானாகச் சரியாகி விடும் என்கிறார் பெரியவர். பாவம், இளைத்து விட்டதே என்று இன்னொரு கிண்ணம் பாலை ஊற்றுகிறாள் சிறுமி. செவ்வாய்க்கிழமை சந்தையில் கொண்டுபோய் விட்டு விட்டால் கறிக்கடை மீன்கடை என்று பிழைத்துக் கொள்ளும் என்கிறார் வீட்டுக்காரர்.

இவற்றில் எந்தக் குரலும் கெட்ட மனத்திலிருந்து பிறந்ததல்ல. என்றாலும் மூன்றுமே தவறு என்பது நம் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கடைசிக் குரலிலிருந்து தொடங்குவோம். ஒரு பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்டதற்காக ஒரு பெண் தண்டனைக்குள்ளானாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியைக் கேட்டிராத முஸ்லிம் வீடு இருக்காது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி அது. வஃழு மேடைகளில் அதைக் கேட்கும்போது, கொடுமைக்காரப் பெண் ஒருத்தியின் கதை என்று எண்ணி நாம் நகர்ந்து விடுகிறோம். அந்தச் செய்தியின் அமைப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அவள் பூனைக்கு உணவு கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தானே தேடித் தின்னும்படி அதை விடவும் இல்லை. ஆக அவளுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று, உணவளிப்பது. மற்றொன்று, இரை தேடிக்கொள்ளும்படி விட்டு விடுவது. இரண்டையும் அவள் அடைத்தாள். குற்றம் அங்கேதான் பிறந்தது.

இப்போது நோயுற்ற பூனையைப் பாருங்கள். நடக்கத் தள்ளாடுகிறது, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, தோலைப் பிடித்து விட்டால் உடனே படிவதில்லை. இப்படிப்பட்ட ஜீவனுக்கு இரை தேடும் வாசல் ஏற்கெனவே அடைபட்டு விட்டது. அதை அடைத்தது நோய். மிச்சமிருப்பது ஒரே வாசல், அது நம் வீட்டு வாசல். சந்தையில் விட்டால் பிழைத்துக் கொள்ளும் என்பது திடகாத்திரமான பூனைக்கே சந்தேகமான பேச்சு. வீட்டுப் பூனைக்கு வீட்டைச் சுற்றியுள்ள பத்துக் கூரைகள்தான் உலகம். ஆட்டுக் கூட்டமும் தேங்காய் மூட்டைகளும் நாய்களும் நெரியும் சந்தை மைதானத்தில், பக்கத்திலே லாரிகள் பறக்கும் சாலையில், வயிற்றுப்போக்கோடு போன பூனை எத்தனை நாள் இருக்கும்? அதை அடைத்து வைத்தவளுக்கும் அங்கே கொண்டுபோய் விட்டவருக்கும் இடையில், பூனையின் தரப்பிலிருந்து பார்த்தால் என்ன பேதம்? நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம், வளர்ப்புப் பிராணிக்குப் போதிய உணவு கொடாமையையும், பட்டினியால் துன்புறும்படி அதைக் கைவிடுவதையும் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஒரு பழைய நகரத்து வழக்கம் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் ழாஹிர் பைபர்ஸ் 1277இல் காலமானார். கெய்ரோ பூனைகளின் உணவுக்கென்று ஒரு தோட்டத்தை அவர் வக்பு செய்து வைத்திருந்தார். 1830களில் அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் காலத்தில் தோட்டம் கைமாறிப் போயிருந்தும், காஜியார் தம் மாளிகை முற்றத்தில் நாள்தோறும் பிற்பகல் பூனைகளுக்கு உணவு போட்டு வந்தாராம். பூனையை வைத்துக் கொள்ள முடியாதவர்கள் அந்த முற்றத்தில்தான் கொண்டுபோய் விடுவார்களாம். அவர்களும் பூனையை விட்டவர்கள்தாம்; ஆனால் உணவு நிச்சயமாக உள்ள இடத்தில் விட்டார்கள். நம் சந்தைத் திடலில் காஜியார் முற்றம் இல்லை.

பூனைக்குப் போய் வக்பா, ஏழைகள் இல்லையா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சுல்தானின் காலத்திலேயே கெய்ரோவில் வாழ்ந்து 1262இல் மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தனியே வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அதில் முதலாவதாக வருவது அதற்குச் செலவிடுவது. முதுமையாலோ நோயாலோ இனி அதனால் எந்தப் பயனும் இல்லை என்று ஆகிவிட்ட பிராணிக்கும் அந்தச் செலவு உண்டு என்று சேர்த்தே சொல்கிறார்கள். எலி பிடிப்பதற்குக் கூலியாகச் சோறு என்றால், எலி பிடிக்க முடியாத நாளில் கூலி நின்று விடும். அந்த எண்ணத்துக்கே இமாமவர்கள் இடம் வைக்கவில்லை. வளர்க்கிறவர் உணவளிக்க மறுத்தால் காஜி தலையிட்டுக் கட்டாயப்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் நிலை. ஹனபி மத்ஹபில் நீதிமன்றக் கட்டாயம் இல்லை, அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான கடமை என்பது பிரபலமான சொல். இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்களோ அதிலும் கட்டாயப்படுத்தலாம் என்கிறார்கள். கடமை என்பதில் யாருக்கும் பேச்சில்லை. காஜி வந்து கேட்பாரா என்பதில்தான் பேச்சு.

ஆகவே நோயுற்ற பூனையின் உணவு அதன் ஹக்கு. சரி, பால் ஊற்றும் சிறுமி அந்த ஹக்கைத்தானே நிறைவேற்றுகிறாள்? இங்கேதான் விஷயம் நுட்பமாகிறது.

பாலில் லாக்டோஸ் என்றொரு சர்க்கரை இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குட்டிக்கு அதைச் செரிக்கும் நொதி வயிற்றில் உண்டு. வளர வளர அது குறைந்து போகும். பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு மாட்டுப் பால் செரிப்பதில்லை. செரியாத சர்க்கரை குடலில் நீரை இழுத்துக் கழிச்சலைக் கொண்டு வரும். பூனையென்றால் பால் என்று நாம் கதைகளில் படித்து வளர்ந்தோம், அவ்வளவுதான். வெங்காயமும் பூண்டும் அதைவிட மோசம். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சால்னாவிலும் பிரியாணியிலும் நோன்புக் கஞ்சியிலும் இந்த இரண்டும் இல்லாமல் நம் வீட்டில் ஏது? வேக வைத்த எலும்போ சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கொழுப்பும் தோலும் கழிச்சலைக் கூட்டும். கோழிக்கடையில் இலவசமாகத் தரும் குடலைப் பச்சையாகப் போடுவதால் கிருமிகள் சேரும். நாம் நிஅமத்தென்று நினைத்துப் பகிர்ந்து கொண்டதில் பாதி, அதற்கு நஞ்சு.

பாசம் கண்ணை மறைப்பது பூனை விஷயத்தில் மட்டுமல்ல. சர்க்கரை வியாதிக்கார மாமனாருக்கு, ஒரு நாளைக்கு என்ன என்று அல்வா வைக்கும் மருமகளையும் நாம் பார்த்திருக்கிறோம். கொடுக்கும்போது கொடுப்பவர் மனத்தில் ஓர் இன்பம் பிறக்கிறது. பூனை காலைச் சுற்றி உரசி, கண்ணை இடுக்கிக் கொண்டு கத்தும்போது மறுப்பதற்கு மனம் வராது. அந்த இன்பம் நம்முடையது, அடுத்து வரும் வயிற்று வலி அதனுடையது. ஹக்கு என்று நாம் சொன்னது, அதன் உடம்புக்கு எது ஏற்குமோ அது. நம் கை கொடுத்து மகிழ்வது எதுவோ அதுவல்ல.

அப்படியானால் பெரியவர் சொன்ன பட்டினி சரியா? மனிதருக்கு லங்கணம் நல்ல மருந்து என்று நம் வைத்தியர்கள் சொல்வார்கள். ஆனால் பூனையின் உடம்பு நம் உடம்பல்ல. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே செயலற்றுப் போகும். கழிச்சலில் சாகாத பூனை பட்டினியில் சாகும். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் நோன்பு நோற்கிறோம், பசிக்கிறது, அந்தப் பசியில் நமக்கு நன்மை இருக்கிறது. ஏனென்றால் அதற்கு நிய்யத் இருக்கிறது; சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்கலாம் என்ற அறிவும் இருக்கிறது. பூனைக்கு நிய்யத்தும் இல்லை, இந்தப் பசி எப்போது தீரும் என்ற அறிவும் இல்லை. அதற்குப் பசி வெறும் பசிதான். நம் பசியின் சிறப்பை அதன் மேல் ஏற்றிப் பேசுவது பொருந்தாது.

கொடுத்துக் கொண்டே இருப்பதும் ஆகாது, நிறுத்தி விடுவதும் ஆகாது என்றால் மிஞ்சுவது பத்தியம். பத்தியம் நமக்குப் புதிய சொல் அல்ல. பிரசவித்த தாய் பச்சைக் குழந்தைக்காகத் தன் வாயைக் கட்டிப் பத்தியம் இருக்கிறாள். குழந்தைக்கு அது தெரியாது. பூனையின் பத்தியமும் இந்த வகையைச் சேர்ந்ததே. பூனை பத்தியம் இருக்காது, இருக்கவும் தெரியாது. வீட்டிலுள்ளவர்கள்தாம் அதற்காக இருந்தாக வேண்டும்.

முறை சுலபமானதே. வளர்ந்த பூனை, லேசான கழிச்சல், மற்றபடி சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால், தோலும் கொழுப்பும் எலும்பும் நீக்கிய கோழி இறைச்சியை உப்பு, மசாலா எதுவும் சேராமல் வேகவைத்துப் பிய்த்துக் கொடுக்கலாம். குழம்புக்குக் கோழி வாங்கும் நாளில், வெங்காயம் வதக்கு முன்னே நாலு துண்டை எடுத்துத் தனியே வேக வைத்தால் தனிச் செலவே இல்லை. ஒரே தடவையில் வயிறு முட்டக் கொடுக்காமல், நாளில் நாலைந்து வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுப்பது நல்லது. வெந்த நீரையும் ஆற வைத்து அதன் மேல் ஊற்ற வேண்டும். பூனை தானாகத் தண்ணீர் குடிப்பது குறைவு. அதோடு டாரின் என்ற சத்து வேகும்போது நீரில் இறங்கி விடும். அந்தச் சத்து பூனைக்கு மிகவும் தேவை. மனிதன் உடம்பைப் போல அதைப் போதிய அளவு தானே உண்டாக்கிக் கொள்ளப் பூனையின் உடம்பால் இயலாது. டாரின் குறைந்தால் பூனையின் கண் பார்வை கெடும் என்று 1975இலும், இதயம் தளர்ந்து போகும் என்று 1987இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். தயிர்ச் சோறும் களியுமாகவே பூனையை வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூனையை மாமிச பட்சிணியாகப் படைத்தவன் அல்லாஹ். நம் சிக்கனத்துக்காக அதன் படைப்பு மாறாது.

மஞ்சள் பூசணியை வெறும் நீரில் வேகவைத்து மசித்து ஒரு சிறு கரண்டி சேர்த்தால் மலம் இறுகுவதற்கு உதவும். நன்றாகக் குழைந்த சோறு கொஞ்சம் சேர்க்கலாம். இந்த உணவு சில நாட்களுக்குத்தான். மலம் கட்டியான பின் பழைய உணவை ஒரு வாரத்தில் படிப்படியாகக் கொண்டு வர வேண்டும். பழைய உணவு என்றால் பழைய பாலும் சால்னாவும் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். வீட்டிலுள்ள மாத்திரைகளை உடைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் வேண்டாம். பாராசிட்டமாலை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. நாம் தலைவலிக்குப் போடும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்று விடும். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, ஒருநாள் முழுவதும் எதையும் தின்னாமை, சோர்ந்து ஒரு மூலையில் ஒடுங்குதல், இவற்றில் எது கண்டாலும், அல்லது நோயுற்றது குட்டியாக இருந்தாலும், பத்தியத்தை நம்பிக் காத்திருக்காமல் அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். குட்டிகளுக்கு வரும் ஒரு நச்சுயிரி நோய் இப்படித்தான் கழிச்சலோடும் வாந்தியோடும் தொடங்கி ஓரிரு நாளில் உயிரைக் கொண்டு போய் விடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. குடற்புழுவுக்கும் அவரிடம் மருந்து கிடைக்கும். பெரிய பரிசோதனை வேண்டுமென்றால் நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சில பூனைகளுக்குக் கழிச்சல் விட்டு விட்டு மாதக் கணக்கில் வரும். ஏதோ ஒரு வகை இறைச்சியே குடலுக்கு ஒவ்வாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, அந்தப் பூனை இதுவரை தின்றிராத ஒரே வகை இறைச்சியைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இடையில் வேறெதுவும், ஒரு பிஸ்கட் துணுக்கு கூட, வாயில் படக் கூடாது. பட்டால் சோதனை பாழ், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் ஒருவர் உறுதியாக இருந்து மற்றவர் ரகசியமாக ஊட்டினால் கெட்டது. ஆகையால் இந்தப் பத்தியத்தில் குழந்தைகளையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். பூனையை அதட்டி விரட்டப் பழகும் குழந்தையைவிட, கெஞ்சும் பூனையின் தலையைத் தடவிக் கொண்டே பாலை மறுக்கப் பழகும் குழந்தைக்கு இரக்கத்தின் பொருள் நன்றாக விளங்கும்.

அசுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனை வாய் வைத்த நீரைப் பற்றி அபூகதாதா (ரலி) அவர்களின் செய்தி பிரபலமானது. ஒளுவுக்கு வைத்த பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்குச் சாய்த்துப் பிடித்த அவர்கள், வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, உங்களிடையே சுற்றித் திரியும் ஜீவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அந்த மிச்ச நீரில் ஒளுச் செய்வது பற்றி ஹனபிகள் சற்று வெறுக்கத்தக்கது என்பார்கள், ஷாஃபிஈகள் தடையில்லை என்பார்கள். ஆனால் பூனையின் மலம் நஜீஸ். அதில் இரு சாராருக்கும் பேதமில்லை. கழிச்சல் கண்ட நாட்களில் தொழும் அறைக் கதவைச் சாத்தி வைத்து, மண் நிரப்பிய ஒரு பெட்டியை வேறோரிடத்தில் வைத்தால் தீர்ந்தது. மண்ணை நாள்தோறும் மாற்ற வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைப் பிறரிடம் விட வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் முஅஸ்ஸா என்ற பூனையை வளர்த்ததாகச் சிலர் சொல்லும் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் சாய்த்த பாத்திரம் இருக்கும்போது ஆதாரமற்ற கதை நமக்கு எதற்கு?

எல்லா ஜீவனுக்கும் ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ்தானே, நாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கெய்ரோவில் இப்னு பாபஷாத் என்ற இலக்கண மேதை இருந்தார். ஒருநாள் பள்ளிவாசல் மாடியில் நண்பர்களோடு உண்டு கொண்டிருந்தபோது ஒரு பூனை வந்தது. போட்ட துண்டைக் கவ்விக் கொண்டு போயிற்று, மீண்டும் வந்தது, மீண்டும் கவ்விக் கொண்டு போயிற்று. பின்தொடர்ந்து பார்த்தால், கண் தெரியாத வேறொரு பூனையின் முன்னால் அதை வைத்துக் கொண்டிருந்தது. குருட்டுப் பூனைக்கே படியளக்கும் இறைவன் தமக்கும் அளப்பான் என்று அவர் அரசாங்கப் பதவியை உதறி விட்டார் என இப்னு கல்லிகான் எழுதுகிறார். அவர் குருட்டுப் பூனையின் இடத்திலே தம்மை வைத்துப் பார்த்தார். அது அவருடைய தவக்குல். சந்தேகம் கேட்பவர் மற்றப் பூனையையும் கொஞ்சம் பார்க்கட்டும். ரிஜ்க் வானத்திலிருந்து நேரே குருட்டுப் பூனையின் முன்னால் விழவில்லை. ஒரு வாய் அதைச் சுமந்து, படியேறி இறங்கிக் கொண்டு வந்தது.

இதற்கும் எல்லை உண்டு. சக்திக்கு மேல் கடன்பட்டு வைத்தியம் செய்ய மார்க்கம் யாரையும் நிர்ப்பந்திக்கவில்லை. வீட்டுப் பிள்ளையின் மருந்துக்கு வைத்த பணத்தைப் பூனைக்குச் செலவிடச் சொல்வாரும் இல்லை. ஆனால் நாம் மேலே சொன்ன பத்தியத்தில் பணம் கொஞ்சம்தான், பொறுமைதான் நிறைய வேண்டியிருக்கிறது. நாலு துண்டு இறைச்சி, ஒரு கீற்றுப் பூசணி, ஒரு பெட்டி மண். இதற்கு ஏழையைக் காரணம் காட்டுபவர், அந்த நாலு துண்டை மிச்சம் பிடித்து ஏழைக்கு அனுப்பினாரா என்று நாம் கேட்க மாட்டோம்; அவரே கேட்டுக் கொள்ளட்டும்.

கல்யாணம் காட்சியென்று நாலு நாள் ஓசூருக்கோ பெங்களூருக்கோ குடும்பத்தோடு கிளம்ப நேர்ந்தால், அடுத்த வீட்டாரிடம் பூனையை ஒப்படைக்கும்போது அதன் உணவை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. எதைக் கொடுக்க வேண்டும் என்பதற்கு முன்பே, எதைக் கொடுக்கக் கூடாது என்பதை எழுத வேண்டும்: பால், வெங்காயம், பூண்டு, எலும்பு, மாத்திரை. அந்த வீட்டிலும் இரக்கமுள்ள ஒரு சிறுமி இருப்பாள்.